நேரில் பார்த்து வரைந்தால் ஏன் கோணலாகிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான்: ஆறு மாதமாகத் தினமும் வரைகிறீர்கள். போனில் இருக்கும் படத்தைப் பார்த்து வரைந்தால் ஓரளவு வருகிறது. எதிரில் இருக்கும் நாற்காலியையோ டம்ளரையோ வரைந்தால் கோணல்மாணலாகிவிடுகிறது. முகம் வரைந்தால் முகமாகத்தான் வருகிறது, ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமாக இல்லை. கையில் திறமை போதவில்லையா, எந்த அடிப்படையிலிருந்து தொடங்குவது, எந்தப் பென்சில் வாங்குவது, டேப்லெட் வாங்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் கையைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். 'ஞ' எழுதத் தெரிந்த கைக்கு மூக்கின் வளைவு பெரிய விஷயமே இல்லை. 'இ'யில் இருக்கிற சுழியைப் பாருங்கள். ஒரு காது மடலுக்குத் தேவையான அத்தனை திருப்பமும் அதில் இருக்கிறது. அதை நீங்கள் யோசிக்காமல் ஒரு விநாடியில் போட்டுவிட்டுப் போகிறீர்கள். கை எப்போதோ தேறிவிட்டது. எங்கே போக வேண்டும் என்று அதற்குச் சொல்கிற இடத்தில்தான் குழப்பம்.

மூளை கொஞ்சம் அவசரக்கார குமாஸ்தா மாதிரி. 'கண்' என்று கேட்டவுடன் எதிரே இருக்கும் கண்ணைப் பார்க்காது. பழைய கோப்பிலிருந்து மீன் வடிவம் ஒன்றை எடுத்து நீட்டும். 'மேஜை' என்றால் செவ்வகமும் நான்கு சமமான கால்களும். அன்றாட வாழ்க்கைக்கு இந்த அவசரம் நல்லதுதான், மேஜையில் இடித்துக்கொள்ளாமல் நடக்க இவ்வளவு போதும். வரையும்போதுதான் இது காலை வாரிவிடுகிறது. போன் படம் மட்டும் எப்படி ஒழுங்காக வருகிறது என்றால், கேமராவுக்கு ஒற்றைக் கண், ஆடாத தலை. ஆழமுள்ள உலகத்தைத் தட்டையாக்கும் வேலையை அது முன்பே முடித்துக் கொடுத்துவிட்டது. நீங்கள் தட்டையிலிருந்து தட்டைக்குப் பெயர்த்து எழுதுகிறீர்கள், அவ்வளவுதான். நேரில் வரையும்போது அந்தத் தட்டையாக்கும் வேலை முழுக்க உங்கள் தலையில் விழுகிறது.

ஸ்கெட்ச்சின் அடிப்படை நுட்பங்கள் என்று பத்துப் பதினைந்தைச் சொல்வார்கள். நான் பல வருடம் அவற்றைத் தனித்தனிப் பாடமாக நினைத்துத்தான் அல்லாடினேன். எல்லாம் ஒரே வேலையைச் செய்கின்றன என்று பிற்பாடுதான் பிடிபட்டது: ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட வைப்பது. நீளத்தை அகலத்தோடு, சாய்வைச் செங்குத்தோடு, கருமையை வெளிச்சத்தோடு. தனியாக ஒரு கோட்டைப் பார்த்து அது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்துக் கோட்டோடு சேர்த்துப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இதை உடம்பில் ஏற்றிக்கொள்ள ஒரு சின்னச் சோதனை. ஜன்னல் கண்ணாடி முன்னால் ஒரு கை நீளத் தூரத்தில் நில்லுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தலையை ஆட்டாதீர்கள். வெளியே தெரியும் கட்டடத்தின் விளிம்புகளை அழியக்கூடிய மார்க்கர் பேனாவால் கண்ணாடி மேலேயே தடவிக்கொண்டு போங்கள். முடித்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். கூரை விளிம்பு எவ்வளவு செங்குத்தாகச் சரிந்து வருகிறது, தூரத்து ஜன்னல் எவ்வளவு சின்னது என்பது அதிர்ச்சியாக இருக்கும். மனதிலிருந்து வரைந்திருந்தால் அந்தச் சரிவில் பாதிகூடப் போட்டிருக்க மாட்டீர்கள். நம் கண்ணிலிருந்து பொருளுக்குப் போகும் நேர்க்கோடுகள் நடுவில் இருக்கும் கண்ணாடியை எங்கெங்கே வெட்டுகின்றனவோ, அந்தப் புள்ளிகளின் தொகுப்புதான் படம். ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525இல் வெளியிட்ட, அளவிடுவது பற்றிய புத்தகத்தில் இதையே ஒரு மரச்செதுக்குப் படமாகப் போட்டிருக்கிறார். சுவரில் ஓர் ஆணி, அதிலிருந்து ஒரு நூல், நடுவில் ஒரு சட்டம், மறுமுனை மேஜை மேல் கிடக்கும் நரம்பிசைக் கருவியில். நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே போகிறார்கள். அந்த ஆணி இருக்கும் இடத்தில்தான் உங்கள் கண் இருக்கிறது.

தினமும் ஜன்னலில் வரைய முடியாது. அதனால்தான் பென்சிலை நீட்டி அளக்கிறார்கள். ஓவியர் என்றால் கார்ட்டூனில் எப்போதும் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பாரே, அது கிண்டலுக்காகப் போட்டதல்ல, அளக்கிறார். கையை முழுக்க நீட்டி, முழங்கை மடங்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் பொருளின் மேல் விளிம்பில் வைத்து, கீழ் விளிம்பு வரும் இடத்தில் கட்டை விரல் நகத்தை நிறுத்துவது. பிறகு அதே அளவைப் படுக்கப் போட்டு, அகலத்தில் எத்தனை தடவை அடங்குகிறது என்று பார்ப்பது. இதில் கிடைப்பது சென்டிமீட்டர் அல்ல, விகிதம். 'அகலம், உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு' என்பது போல ஒரு பதில். தாளில் எந்த அளவில் வரைந்தாலும் அந்த ஒன்றரை மாறாது.

முழங்கை விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் பென்சில் இருக்கும்போது ஒரு பொருள் 5 சென்டிமீட்டராகத் தெரிகிறது என்று வையுங்கள். கை லேசாக மடங்கி 54 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் அதே பொருள் 4.5 ஆகிவிடும். பத்து சதவீதப் பிழை. ஒரு முகத்தில் பத்து சதவீதம் என்றால் ஆளே மாறிவிடுவார். அளந்து வரைந்தும் சரியாக வரவில்லை என்று சொல்பவர்களைக் கவனித்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் உயரத்தை நீட்டிய கையாலும் அகலத்தை மடங்கிய கையாலும் அளக்கிறார்கள்.

சாய்வுக்கும் இதே பென்சில் போதும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள், நாற்காலியின் கால் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவர் பார்ப்பது போலத்தான். முகத்தில் கண்ணின் உள் மூலையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு விட்டதாகக் கற்பனை செய்யுங்கள். மூக்கின் ஓரத்தைத் தொடுகிறதா, உதட்டின் எந்த இடத்தில் இறங்குகிறது? ஆளுக்கு ஆள் இந்த விடை மாறும். 'அவரைப் போலவே இருக்கிறது' என்று பார்ப்பவர் சொல்வது இமை முடியைப் பார்த்து அல்ல, இந்த இறக்கங்களைப் பார்த்துத்தான்.

நாற்காலி என்றதும் இன்னொன்று. நாற்காலியை வரையாதீர்கள். அதன் கால்களுக்கு நடுவே தெரியும் சுவரின் துண்டுகளை வரையுங்கள். முதுகுச் சட்டத்துக்கு இடையில் ஒரு சரிந்த நாற்கரம், முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே ஒரு குட்டையான முக்கோணம் மாதிரி ஏதோ ஒன்று. இந்தத் துண்டுகளுக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லாததால் குமாஸ்தாவிடம் கோப்பும் கிடையாது. அவர் வாயை மூடிக்கொள்வார். துண்டுகளையெல்லாம் வரைந்து முடித்ததும் நடுவில் ஒரு நாற்காலி தானாக நிற்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக் காப்பி செய்யச் சொல்வதும் இதற்காகத்தான். எனக்கு என்னவோ வெற்றிடப் பயிற்சிதான் அதிகம் உதவியது, ஏனென்றால் அதை நேரில் இருக்கும் பொருளிலேயே செய்யலாம்.

அளக்கத் தெரிந்தும் படம் கெடும் இன்னொரு வழி உண்டு, வரிசை தவறுவது. நான் முதன்முதலில் ஓர் உறவினரை உட்கார வைத்து வரைந்தபோது இடது கண்ணில் ஆரம்பித்தேன். ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு கண். இமை, பாப்பா, அதில் ஜன்னல் வெளிச்சத்தின் புள்ளி, எல்லாம் பிரமாதம். அப்புறம் மூக்கு. அப்புறம் வலது கண்ணை வரையப் போனபோது அதற்கு இருந்த இடம் போதவில்லை. நெற்றி தாளுக்கு வெளியே போய்விட்டது. கண்ணை அழிக்கவும் மனசு வரவில்லை, அவ்வளவு உழைத்திருந்தேனே. கடைசியில் முகத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி இழுத்துச் சரிக்கட்டினேன். உட்கார்ந்திருந்தவர் பார்த்துவிட்டு 'கண் நல்லாயிருக்கு' என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் பின்பற்றும் வழி இது. தாளில் பொருள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று என நான்கு கீறல் மட்டும். அந்த எல்லைக்குள் மொத்த உருவத்தையும் ஐந்தாறு நேர்க்கோட்டில் ஒரு கூடாரம் மாதிரி கட்டுவது. வளைவுகளைக்கூட இந்தக் கட்டத்தில் நேர்க்கோடாகவே போடுவேன், ஏனென்றால் நேர்க்கோட்டின் சாய்வைச் சரிபார்க்கலாம், வளைவைச் சரிபார்ப்பது கஷ்டம். இதற்குள் பெரிய பகுதிகள், அதற்குப் பிறகுதான் சின்னவை. எல்லாக் கோடும் ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு லேசாக இருக்க வேண்டும். கண்ணின் பாப்பா கடைசிப் பத்து நிமிடத்து வேலை.

சரி, டம்ளர். நீங்கள் அனுப்பிய படத்தில் டம்ளரின் வாய் அழகான நீள்வட்டம், அடிப்பக்கமோ ஸ்கேல் வைத்தது போல நேர்க்கோடு. ஆரம்பத்தில் எல்லோரும் இதைத்தான் செய்கிறோம். டம்ளர் தட்டையான மேஜை மேல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும், அதனால் அடியைத் தட்டையாக்கிவிடுகிறோம். உண்மையில் நடப்பது நேர்மாறு. ஒரு டம்ளரைக் கண் மட்டத்துக்குத் தூக்கி வாயைப் பாருங்கள், வட்டம் ஒரு கோடாகச் சுருங்கியிருக்கும். மெல்ல இறக்குங்கள். கண் மட்டத்திலிருந்து கீழே போகப்போக வட்டம் திறந்துகொண்டே வரும். மேஜை மேல் இருக்கும் டம்ளரில் வாயைவிட அடிதான் கண் மட்டத்திலிருந்து இன்னும் கீழே இருக்கிறது. ஆகவே அகலத்தோடு ஒப்பிட்டால் அடியின் நீள்வட்டம் வாயைவிடக் கொஞ்சம் உப்பியிருக்க வேண்டும். இதை ஒருமுறை திருத்திப் பாருங்கள், படத்தில் டம்ளர் சட்டென்று மேஜையில் உட்கார்ந்துவிடும். அப்படியே நீள்வட்டத்தின் இரண்டு ஓரங்களையும் கவனியுங்கள். அவை இலை நுனி போலக் கூராக இருக்கவே இருக்காது, எவ்வளவு ஒடுங்கினாலும் ஓரம் உருண்டுதான் திரும்பும். மறைந்திருக்கும் பின்பாதியையும் லேசாக வரைந்து முழு நீள்வட்டமாக முடித்துவிட்டு அழிப்பது நல்ல பழக்கம்.

தூரம் போகப்போகப் பொருள் சிறுத்துத் தெரிவதைத் தாளில் கொண்டுவரும் முறைக்குப் பெயர் பெர்ஸ்பெக்டிவ். அந்தப் பெரிய சொல்லுக்குப் பயப்பட வேண்டாம், மேலே சொன்ன கண் மட்டம் புரிந்தால் பாதி முடிந்தது. உட்கார்ந்தால் கண் மட்டம் இறங்கும், நின்றால் ஏறும். ஒன்றுக்கொன்று இணையாக, உங்களை விட்டு விலகிப் போகும் கிடைக்கோடுகள் எல்லாம் அந்த மட்டத்தில் ஏதோ ஒரு புள்ளியை நோக்கி ஓடும், அதுதான் மறையும் புள்ளி. கண் மட்டத்துக்கு மேலே இருக்கும் விளிம்புகள் இறங்கி வரும், கீழே இருப்பவை ஏறி வரும். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரத்துக் கட்டடக் கலைஞர் புரூனலெஸ்கி 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துச் செய்து காட்டியதையும், இத்தாலிய அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இல் எழுதி வைத்ததையும் நாம் இன்றும் அப்படியேதான் பயன்படுத்துகிறோம். ஆரம்பத்தில் ஸ்கேல் வைத்து மறையும் புள்ளிகளைக் குறித்துப் பெட்டிகள் வரையலாம், ஒரு வாரம் போதும். அதற்கு மேல் அதிலேயே உட்கார்ந்திருந்தால் பெட்டி வரைபவராகிவிடுவோம். ஸ்கெட்ச் செய்யும்போது மறையும் புள்ளி பெரும்பாலும் தாளுக்கு வெளியேதான் கிடக்கும், பென்சிலால் சாய்வைப் பார்த்துக் கையால் போடுவதுதான் நடக்கும். 'பெட்டியின் பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரிதாக இருக்கிறதே' என்று சந்தேகம் வரும்போது விதியைத் துணைக்குக் கூப்பிட்டால் போதும்.

இனி ஷேடிங். என்னைக் கேட்டால் இதில்தான் அதிகம் பேர் வழி தவறுகிறார்கள், ஏனென்றால் ஷேடிங் போட்டால் படம் உடனே 'முடிந்த' தோற்றம் தருகிறது. விரலால் தேய்த்து மழமழவென்று ஆக்கிவிட்டால் இன்னும் திருப்தி. ஆனால் விரல் தேய்ப்பு எல்லா இடத்தையும் ஒரே சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது, ஓரங்களும் செத்துப்போகும். ஆறு மாதத்துக்கு விரலைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

ஒரு முட்டையை வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேஜை விளக்கைப் பக்கவாட்டில், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். இப்போது கண்ணைப் பாதி இடுக்கிப் பாருங்கள். இடுக்கினால் நுணுக்கம் கரைந்து, வெளிச்சம் ஒரு துண்டு, நிழல் ஒரு துண்டு என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். முதலில் அந்த எல்லையை மட்டும் வரையுங்கள், நிழல் துண்டு முழுவதையும் ஒரே சீரான சாம்பலால் நிரப்புங்கள். தரையில் விழும் நிழலையும் அதோடு சேர்த்துவிடுங்கள். இவ்வளவு செய்தாலே முட்டை உருண்டுவிடும். இதற்கு மேல் நிழல் துண்டுக்குள் நோட்டமிட்டால், மிக இருண்ட பகுதி விளிம்பில் இருக்காது. வெளிச்சம் முடிந்து நிழல் தொடங்கும் இடத்தை ஒட்டி ஒரு பட்டையாக ஓடும். அதைத் தாண்டி ஓரத்துக்குப் போகும்போது கொஞ்சம் வெளுக்கும், தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி முட்டையின் அடிவயிற்றில் அடிப்பதால். இந்தத் திரும்பிய வெளிச்சத்தைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் எல்லோரும் அதை அளவுக்கு மீறி வெளுக்கிறார்கள், முட்டை தகரத்தில் செய்தது போல ஆகிவிடுகிறது. அது நிழலின் குடும்பம். வெளிச்சத் துண்டில் உள்ள மிகக் கருத்த சாம்பலைவிடக்கூட அது கருப்பாகத்தான் இருக்க வேண்டும்.

'நிழலில் இருந்தாலும் அது வெள்ளை முட்டைதானே' என்று மனது சொல்லும். நம்பாதீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் அடெல்சன் 1995இல் ஒரு படம் வெளியிட்டார். சதுரங்கப் பலகை மேல் ஓர் உருளை, அதன் நிழல் சில கட்டங்களில் விழுகிறது. வெளிச்சத்தில் இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும் நிழலில் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் துல்லியமாக ஒரே சாம்பல். சத்தியம் செய்தாலும் கண் ஒத்துக்கொள்ளாது, சுற்றியிருப்பதை மறைத்தால்தான் தெரியும். ஆகவே ஒரு சின்ன அட்டையில் இரண்டு துளை போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமான இரண்டு இடங்களை அதன் வழியாகப் பாருங்கள். நிழலில் இருக்கும் வெள்ளைச் சட்டை, வெயிலில் இருக்கும் கருநீலச் சட்டையைவிடக் கருப்பாக இருக்கும் நாள் உண்டு.

இன்னொரு கட்டுப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வெயில் பட்ட சுவருக்கும் மேஜைக்கு அடியில் இருக்கும் இருட்டுக்கும் பல நூறு மடங்கு வித்தியாசம் இருக்கலாம். பென்சிலிடம் அவ்வளவு தூரம் கிடையாது. தாளின் வெள்ளைதான் உங்களிடம் இருக்கும் அதிகபட்ச வெளிச்சம், அழுத்திப் போட்ட கிராஃபைட்டும் (பென்சிலுக்குள் இருக்கும் கருங்குச்சி) ஒரு மாதிரி பளபளக்கிற கருஞ்சாம்பல்தான். அதனால் பார்ப்பதை அப்படியே எடுக்க முடியாது, வரிசையை மட்டும் காப்பாற்றலாம். எது மிகக் கருப்பு, எது அதற்கு அடுத்தது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஐந்து படி போதும். ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது போல வெளிறிய மூன்று சாம்பலுக்குள்ளேயே படத்தை முடித்துவிடாதீர்கள். மிகக் கருத்த இடத்தை ஆரம்பத்திலேயே ஓர் ஓரத்தில் அழுத்திப் போட்டு வைத்தால் மற்றவை அதற்கேற்பத் தைரியம் பெறும்.

சாம்பலைக் கோடுகளால் கட்டுவதுதான் ஹேட்சிங். நெருங்கிய இணைகோடுகள், போதவில்லை என்றால் அதன் மேல் வேறு சாய்வில் இன்னொரு அடுக்கு. மைக்கேலாஞ்சலோவின் பேனா வரைவுகளில் தசைகள் முழுக்க இந்தக் குறுக்குக் கோடுகளால்தான் திரண்டு நிற்கும். இரண்டாம் அடுக்கைச் சரியாகச் செங்குத்தாகப் போட்டால் கொசுவலை மாதிரி ஆகிவிடும், கொஞ்சமாகச் சாய்த்துப் போடுங்கள். கோடு பொருளின் வளைவைச் சுற்றி ஓடினால் உருண்டை தெரியும், அதற்கு எதிராக ஓடினால் தட்டையாகும். ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் அழுத்தத்தை விட்டுக் கையைத் தூக்கிவிடுங்கள், இல்லையென்றால் ஓரத்தில் புள்ளிப் புள்ளியாகக் கருத்து வேலி கட்டியது போல இருக்கும்.

பென்சில் பிடிப்பு பற்றி ஒரு வார்த்தை. எழுதும் பிடியில் மணிக்கட்டு மட்டும்தான் அசைகிறது, அதனால் கோடு ஒரு சாண் போவதற்குள் வளைந்துவிடும். நீளமான கோட்டுக்குப் பென்சிலை உள்ளங்கைக்கு அடியில் படுக்கவைத்து, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்க, தோளிலிருந்து இழுக்க வேண்டும். நுணுக்கத்துக்கு மறுபடி எழுதும் பிடி. மேஜையில் தாளைத் தட்டையாகப் போட்டு வரைந்தால் தூரத்து முனை உங்களுக்குச் சுருங்கித் தெரியும், எழுந்து நின்று பார்க்கும்போது தலை நீண்டுபோயிருக்கும். பலகையைச் சாய்த்து வையுங்கள். என் படங்களில் தலைகள் ஏன் சுரைக்காயாக வருகின்றன என்று மாதக்கணக்கில் என்னையே நொந்துகொண்டிருந்தேன், காரணம் மேஜை.

மனித உருவத்துக்கு வரும்போது அளவுகள் கொஞ்சம் கைகொடுக்கும். வளர்ந்தவர் முகத்தில் கண்கள் உச்சந்தலைக்கும் தாடைக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கின்றன. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, கண்ணாடி முன் ஸ்கேலோடு நின்று பார்த்தபின்தான் நம்புவார்கள். முகத்தின் கவனமெல்லாம் கண்ணிலும் வாயிலும் இருப்பதால் நெற்றியையும் மண்டையையும் நாம் வெட்டிவிடுகிறோம். நிற்கும் ஆள் தன் தலையைப் போல ஏழு, ஏழரை மடங்கு. பிறந்த குழந்தை நான்கு மடங்கு. இவை சராசரி மட்டுமே. எதிரே இருப்பவர் இதிலிருந்து எங்கே விலகுகிறார் என்று தேடுவதற்கு ஒரு தொடக்கப் புள்ளி.

ஆனால் அளந்தே வரைந்தால் உருவம் விறைத்துப்போகும். அதற்கு மருந்து ஜெஸ்சர். ஒரு நிமிடம், அரை நிமிடம் என்று கடிகாரம் வைத்துக்கொண்டு நடப்பவர், குனிபவர், போன் பேசுபவரை வரைவது. அவுட்லைன் வேண்டாம், முகம் வேண்டாம். உச்சியிலிருந்து பாரம் தாங்கும் பாதம் வரை உடம்பு எப்படி வளைந்து போகிறது என்று ஒரு கோடு, தோளின் சரிவு ஒன்று, இடுப்பின் சரிவு ஒன்று. ஒரு காலில் பாரம் போட்டு நிற்பவருக்குத் தோளும் இடுப்பும் எதிரெதிராகச் சரிந்திருக்கும், அதைப் பிடித்தாலே ஆள் நிற்பார். இருபதில் பதினெட்டு கிறுக்கலாகத்தான் இருக்கும். வைத்துக்கொள்ள வேண்டிய படங்களல்ல இவை, குப்பைக்குப் போகட்டும்.

பிறர் படத்தைக் காப்பி செய்வது தப்பா என்றும் கேட்டிருந்தீர்கள். தப்பே இல்லை. வான்கோ ஓவியராக வேண்டும் என்று 1880இல் முடிவெடுத்தபோது அவருக்கு 27 வயது. பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் தொகுத்த பயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் காப்பி செய்தார். அப்புறம் நூல் கட்டிய சட்டம் ஒன்றைச் செய்துகொண்டு அதன் வழியாக வெளியைப் பார்த்து வரைந்தார். இரண்டையும் செய்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. போன் படத்தை மட்டும் பார்த்து வரைந்தால் கேமரா இருந்த தூரத்தால் வரும் கோளாறையும் சேர்த்துக் காப்பி செய்வீர்கள். மிகக் கிட்டே எடுத்த முகத்தில் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் இருக்கும்.

பென்சிலுக்கு நிறைய யோசிக்க வேண்டாம். எச் வரிசை கடினம், வெளிர். பி வரிசை மிருது, கருப்பு. கிராஃபைட் தூளோடு களிமண்ணைக் கலந்து சுடும் முறையைப் பிரெஞ்சுக்காரர் கோன்டே 1795இல் கண்டுபிடித்ததிலிருந்து இந்தத் தரம் பிரிப்பு சாத்தியமானது. களிமண் கூடினால் கடினம், அவ்வளவுதான். எச்பி ஒன்று, 2பி ஒன்று, 6பி ஒன்று போதும். கத்தியால் சீவி, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கிராஃபைட் வெளியே தெரியும்படி வையுங்கள், படுக்கவைத்துத் தீட்ட அது வேண்டும். பிசைந்து உருட்டக்கூடிய ரப்பர் கிடைத்தால் வாங்குங்கள், ஒற்றி எடுத்து வெளுக்கலாம். 24 பென்சில் பெட்டி பார்க்க அழகு. முதல் வருடத்தில் இருபது பென்சில் சீவப்படாமலே கிடக்கும்.

நாளுக்கு நாற்பது நிமிடம் கிடைத்தால் நான் இப்படிப் பிரிப்பேன்: பத்து நிமிடம் ஜெஸ்சர், அரை மணி நேரம் ஒரே பொருள். அந்த அரை மணியில் கடைசி ஐந்து நிமிடத்தைத் தப்பு தேடுவதற்கென்று ஒதுக்குங்கள். படத்தைப் பொருளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ஆறடி பின்னால் போங்கள், அல்லது இரண்டையும் ஒரு கண்ணாடியில் பாருங்கள். இடவலம் மாறியதும் பழகிய கண்ணுக்குத் தெரியாத கோணல் பளிச்சென்று தெரியும். தெரிந்த மூன்று தப்பைப் படத்தின் ஓரத்திலேயே எழுதுங்கள்: 'கைப்பிடி உயரம்', 'இடது பக்கம் சரிவு போதவில்லை' என்று. தேதியும் போடுங்கள். மறுநாள் புதிய பொருளைத் தேடாமல் அதே டம்ளரை வரையுங்கள். நான் ஒரு மாதம் ஒரே கெட்டிலை வரைந்திருக்கிறேன், வீட்டில் என்னை விநோதமாகப் பார்த்தார்கள். ஓரத்தில் எழுதிய மூன்று தப்பில் ஒன்று எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தது. எப்போதும் வலது பக்கத்தை அகலமாக்குகிறேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை, ஆனால் தெரிந்துவிட்டதால் வலது பக்கத்தை மட்டும் இரண்டு தடவை அளக்கிறேன்.

டேப்லெட் கேள்வி பாக்கி. வாங்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். அதில் ஒரு கோடு பிடிக்கவில்லை என்றால் ஒரே தட்டில் இல்லாமல் போய்விடும். ஏன் பிடிக்கவில்லை என்று பார்ப்பதற்கு முன்பே போய்விடும். தாளில் தப்பான கோடு அங்கேயே கிடக்கும், சரியான கோட்டை அதன் பக்கத்தில் போட்டு இரண்டையும் பார்க்கலாம். ஐம்பது தாள் கெடட்டும், அதற்குப் பிறகு வாங்குங்கள். வாங்கியதும் அதில் முதல் படமாக அதே டம்ளரை வரைந்து அனுப்புங்கள், அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன்.